வீட்டுக்கென்று நினைத்து நின்ற படம்

மனிதநேயப் புகைப்படப் போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்கியபோது என்னிடம் இருந்ததெல்லாம் ஏரிக்கரையில் சிரித்துக்கொண்டு நிற்கும் சுற்றுலாக்காரர்கள்தான். எங்கள் மலையூரின் ஒண்டிக்கடை முக்கில் ஸ்டூடியோ வைத்து, பாஸ்போர்ட் சைஸும் கல்யாண ஆல்பமுமாகக் காலம் தள்ளுகிறவனிடம் வேறென்ன இருக்கும்? ஆனால் பரிசு வாங்கியே தீருவது என்ற வெறி மட்டும் இருந்தது.

மழை விட்ட மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வாழவந்தி கிராமத்துப் பக்கம் போனேன். ஒரு வீட்டின் முன்சுவர் பாதி சரிந்து கிடந்தது. எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கும் அக்கா ஒருவர் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் சட்டியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, ஊட்டப் போட்டோ புடிக்க வந்தீங்களா?"

"ஆமாங்கக்கா."

"சித்த இருங்க சாமி."

உள்ளே போய் முகம் கழுவி, ரேஷன் கார்டோடு வந்தார். கார்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, இடிந்த சுவருக்கு முன்னால் விறைப்பாக நின்றார்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் அரசாங்க வீட்டுக்குப் பெயர் சேர்க்க வருகிறவர்கள் இப்படித்தான் ஆளைப் பழைய வீட்டு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். என்னைப் பஞ்சாயத்து ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். இல்லைங்கக்கா, இது ஒரு போட்டிக்கு என்று சொல்ல என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? சொன்னால் அவர் கண்ணில் இருந்த அந்த நம்பிக்கை போய்விடும், படம் கெட்டுவிடும் என்று சும்மா இருந்தேன். "கார்டக் கொஞ்சம் மேல புடிங்கக்கா" என்று வேறு சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து இரண்டாம் பரிசு கிடைத்தது. நடுவர்கள் அந்தக் கண்களைத்தான் பாராட்டியிருந்தார்கள். இரண்டு நாள் தலைகால் புரியாமல் திரிந்துவிட்டு, அக்காவுக்கு ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துப்போனேன். சுவர் இருந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க வந்துட்டுப் போன மறுமாசம் ஆபீஸ்காரங்க வந்து எல்லா ஊட்டயும் போட்டோ புடிச்சாங்க. நம்மூட்ட முன்னாலயே எடுத்துட்டாங்கன்னு சொல்லிப்போட்டு நான் வேலைக்குப் போய்ட்டனுங்க. நம்முளுது எப்ப வருமுங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன், தெரிந்தேதான் சும்மா இருந்தேன் என்பதையும் சேர்த்து. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். பட்டியல் மேலே போய்விட்டது, அடுத்தது எப்போது என்று தங்களுக்கே தெரியாது என்றார்கள்.

திரும்பி வந்து வீட்டு முன்னால் இறங்கிய பிறகுதான் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"போட்டிக்குன்னு சொல்லியிருந்தாலும் நின்னிருப்பனுங்க சாமி. அப்பறம் அவுங்க வந்தப்பவும் நின்னிருப்பனில்லீங்க?"