மடி என்று நினைத்தது

மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கில் யார் வீட்டில் சிராத்தம் என்றாலும் சமையலுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாமி கை பட்டால் சுத்தம் என்பார்கள். நான் யாரோடும் அதிகம் பேச மாட்டேன். கூச்ச சுபாவம். பேசாமல் போய், குளித்து, ஈரப்புடவையோடு சமைத்து வைத்துவிட்டு வருவேன். நடுவில் யாருடைய தலைப்பாவது மேலே பட்டுவிட்டால் மறுபடியும் தலையில் தண்ணீர். டெல்லி டிசம்பரிலும் பச்சைத் தண்ணீர்தான். "இந்தக் காலத்துல இப்படி மடி பார்க்க யார் இருக்கா?" என்று புகழ்வார்கள். அந்தப் புகழ்ச்சிக்குள் நான் நாற்பது வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மடி பார்க்கிறவர்களுக்குக் குளித்தால் முடிந்தது. எனக்கு முடியவே முடியாது. கையை ஏழு தரம் கழுவுவேன். ஆறா, ஏழா என்று சந்தேகம் வரும். முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கழுவின கை குழாயை மூடும்போது அதைத் தொட்டுவிட்டதே என்று தோன்றும். மறுபடியும். இதெல்லாம் சாமிக்காக இல்லை. சரியாகக் கழுவாவிட்டால் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கொரோனா வந்தபோது மட்டும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஊரே என்னைப் போல ஆகிவிட்டது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போட்டாள். அப்புறம் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். என்னால் நிறுத்த முடியவில்லை. என்மேல் எனக்கே சந்தேகம் வந்தது அப்போதுதான்.

போன வெயில் காலத்தில் அவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். பெங்களூரிலிருந்து மகன் வந்து ஆஸ்பத்திரியில் கூட இருந்தான். நான் வார்டு வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வந்த அன்று, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்று என் பக்கம் ஒரு கையை நீட்டினார். நான் என் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரித் துணி. சித்த இருங்கோ, தண்ணி கொண்டு வரேன்."

"விழுந்துடுவேன்டீ!" என்றார். மகன்தான் தாங்கினான்.

சாயந்திரம் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கக்கூட உன்னால தொட முடியலேன்னா எப்படிம்மா? தீபாவளி வரைக்கும் ஒரு அட்டெண்டன்ட் போடறேன். அதுக்குள்ள ஏதாவது பண்ணு. இல்லேன்னா அப்பாவை என்னோட கூட்டிண்டு போயிடுவேன். நீயும் வா."

ரயிலோ விமானமோ, என்னால் ஏற முடியாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் மட்டும் போவார். நான் குழாயடியில் நிற்பேன்.

கீழ் வீட்டில் நாகர்கோவில்காரி ஒருத்தி இருக்கிறாள். நர்ஸாக இருந்து ரிடையர் ஆனவள். எல்லோருக்கும் சிஸ்டர். அவருக்குத் தையல் போட்ட இடத்தில் கட்டு மாற்ற வருவாள். ஒருநாள் என் கையைப் பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மாமி, இது மடி இல்ல கேட்டியளா. இது ஒரு நோய்."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க மடியைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

அவள் சிரித்தாள். "மடியப் பத்தித் தெரியாது. கையப் பத்தித் தெரியும். நாப்பது வருசம் கையும் காலும்தான பாத்தேன்."

அவளே என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கே எனக்கு வாய் திறக்கவில்லை. என்ன கேட்டாலும் "ஹாஞ்ஜி" என்று தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். சிஸ்டர் அதை ஹிந்தியில் சொன்னாள். டாக்டர் மூளையில் ஒரு ரசாயனக் கோளாறு என்றார். ஆபத்து மணி ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது, அணைக்கிற ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான் என்று மாத்திரை எழுதினார்.

பக்கத்து அறையில் ஒரு பெண், சைக்காலஜிஸ்ட். அவள் மூளையைப் பற்றிப் பேசவில்லை. தாளில் ஒரு வட்டம் போட்டாள். பயம், கழுவுதல், நிம்மதி, மறுபடியும் பயம். "ஒவ்வொரு தடவை கழுவும்போதும் பயத்துக்குச் சாப்பாடு போடறீங்க ஆண்ட்டி" என்றாள் ஹிந்தியில். கழுவாமல் உட்கார்ந்திருந்தால் பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். அதை உடம்பு கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்குப் பயமான பத்து விஷயங்களை ஏணிப்படி மாதிரி எழுதச் சொன்னாள். கீழ்ப்படியில் எதிர் வீட்டு நியூஸ்பேப்பர். உச்சிப்படியில் அவருடைய வாக்கர்.

முதல் வாரம் நியூஸ்பேப்பரைத் தொட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பயமே வரவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"மனசுக்குள்ள கழுவினீங்களா?"

எப்படிக் கண்டுபிடித்தாளோ. கண்ணை மூடிக்கொண்டு ஏழு தரம் தண்ணீர் விட்டுக்கொண்டது உண்மைதான்.

"அச்சா, அந்தக் குழாயையும் மூடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதற்குள் விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். மாயவரத்திலிருந்து என் தங்கை, சர்ப்ப தோஷம் என்று பரிகாரம் சொன்னாள். மகன், என்னை வளர்த்த அத்தைதான் காரணம் என்றான். தாயில்லாத பெண்ணான என்னை, எதைத் தொட்டாலும் கிணற்றடிக்கு விரட்டியவள் அவள். சிஸ்டரோ, "மனுசங்ககிட்ட பேசாம பயத்துகிட்டயே பேசிட்டிருந்தா இப்படித்தான்" என்றாள். எனக்கு ராத்தூக்கம் போயிற்று. என் மூளையா, அத்தையா, ஜாதகமா, நானா? யார்மேல் பழி போடுவது?

அந்த சைக்காலஜிஸ்ட் பெண்ணிடம் கேட்டேன். "உங்களுக்கு என்ன தோணுது?" என்று திருப்பிக் கேட்டாள்.

எனக்குத் தயிர் ஞாபகம் வந்தது. தப்பும் தவறுமான ஹிந்தியில் சொன்னேன். "ஜனவரியில எங்க வீட்ல தயிர் உறையாது. அதே பால், அதே உறைமோர். பாலைக் குத்தம் சொல்றதா, மோரையா, குளிரையா? எல்லாம் சேர்ந்துதான். ஆனா குளிரை நான் நிறுத்த முடியாது. பாத்திரத்துக்கு ஒரு பழைய ஸ்வெட்டர் சுத்தி வைப்பேன். உறைஞ்சிடும்."

அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். "மாத்திரை ஒரு ஸ்வெட்டர், பயிற்சி ஒரு ஸ்வெட்டர்" என்றாள். அத்தை போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. அன்று வீட்டுக்கு வரும்போது அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது. அவளுக்கும் இதே வியாதியாக இருந்திருக்கலாம். அவளுக்கு யார் வட்டம் போட்டுக் காட்டினார்கள்?

படிப்படியாக ஏறினேன். கதவுத் தாழ்ப்பாள், லிஃப்ட் பட்டன், மெட்ரோ கைப்பிடி. இரண்டு தரம் கீழே சரிந்தேன். நவராத்திரியில் ஒருநாள் பாத்ரூமிலிருந்து வெளியே வரவே இல்லை. தீபாவளி வந்துவிட்டது. ஒன்பது படி ஆகியிருந்தது. வாக்கர் மட்டும் பாக்கி. மகன் அடுத்த வாரம் டெல்லி வந்து அப்பாவை அழைத்துப் போவதாகச் சொல்லி, டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

அட்டெண்டன்ட், தீபாவளி முடிந்து வரும் சட் பூஜைப் பண்டிகைக்காக பீகார் போனார். மாற்று ஆள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டரைக் கூப்பிடு. வெயில்ல போய் உட்காரணும்."

"சிஸ்டர் சர்ச்சுக்குப் போயிருக்கா."

"அப்போ?" என்று கேட்டவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

ஒரு கையால் வாக்கரைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது. மற்றக் கையை அவர் கக்கத்தில் கொடுத்துத் தூக்கினேன்.

"ஏய், நீ குளிச்சுட்டியே!"

"பேசாம காலை எடுத்து வைங்கோ."

பால்கனி வரை நடந்தோம். உட்கார வைத்ததும் பயம் கிளம்பியது. குழாய் இருக்கும் திசை எனக்கு முதுகில் தெரிந்தது. "உட்காரு" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். நேற்றைய காபி தண்ணியாக இருந்தது, மேல் வீட்டுக்காரன் நாற்காலியை இழுக்கிறான் என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். பாதிதான் என் காதில் விழுந்தது. மனசுக்குள் இருக்கும் குழாயையும் திறக்கவில்லை. அவர் முழங்காலில் இருந்த வெயில் தரைக்கு இறங்கியபோது பயமும் கொஞ்சம் இறங்கியிருந்தது. முழுக்க இல்லை. கொஞ்சம்.

போன் அடித்தது. மகன்.

"எனக்கு டிக்கெட் வேண்டாம்டா" என்றார் எடுத்தவுடனே. "உங்கம்மா பிடிச்சுண்டு வந்தா. இல்லடா, அவளேதான். நம்பலேன்னா நீயே கேளு."

போனை நீட்டினார். வாக்கரைத் தொட்ட அதே கையால் வாங்கினேன்.

"ஆமாம்டா" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "சரிம்மா. அப்பா டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடறேன். நான் மட்டும் வந்துட்டுப் போறேன்."