வேலுவின் கைப்பேசிக்குள் ஒரு நூலகம்

பெர்மாஸ் ஜெயாவில் பேச்சியம்மாளைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் நேற்றுக் குடிவந்தவராகத்தான் இருக்க வேண்டும். யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பதினெட்டு வயதில் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் கால்கடுக்க நின்றவர். இன்று அதே தொழிற்சாலைகளுக்கு ஆளேற்றிப் போகும் மூன்று பஸ்களுக்கு முதலாளி. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. இதை அவரே பத்துப் பேரிடம் சொல்வார். சொன்னால் என்ன, உண்மைதானே!

தமிழ்ச் சங்கத்தின் பின்னறை நூலகம் அவருக்கு உயிர்; சாவியும் அவரிடம்தான். நாற்பது வயதுக்குமேல் அங்கே உட்கார்ந்துதான் கதைப்புத்தகம் படிக்கப் பழகினார். இந்த வருடம் அந்த அறைக்கே ஆபத்து வந்தது.

"யாருமே வர்றதில்லக்கா. ரூம கேரம் ஆடறதுக்கு விட்டுரலாம்" என்றார் செயலாளர் ராஜசேகரன்.

"மூணு மாசம் குடு தம்பி. நூலகத்துக்கு வெப்சைட் போடறேன். அம்பது பேரு புத்தகம் கேக்கலன்னா சாவிய உங்கையில குடுத்துடறேன்."

மருமகன் குணாளனுக்குச் சிங்கப்பூரில் கணினி வேலை. சனிக்கிழமை வந்தவர் முதல் கேள்வியாக, "எந்த ஸ்கிரீன் அளவுக்குச் செய்யட்டும் அத்தை?" என்றார்.

"நம்ம சங்கத்து ஹால் டிவி எம்மாம் பெருசு! அதுக்குச் செய்யுங்க மாப்ள."

"போன்ல பாக்கறவங்களுக்கு..."

"பெருசுல தெரியறது சின்னதுல தெரியாதா?"

மாமியாரிடம் அதற்குமேல் யார் பேசுவது? குணாளன் டிவி அகலத்துக்கே செய்தார். திறப்பு நாளில் பேச்சியம்மாள் பட்டுப்புடவையும் மாலையுமாகத் திரை முழுக்கச் சிரித்தார். மண்டபமே கைதட்டியது.

இரண்டு மாதம் ஓடியது. புத்தகம் கேட்டவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் பேச்சியம்மாள்.

ஒருநாள் காலை ஷிப்டுக்குப் போகும் தன் பஸ்ஸில் ஏறி, "ஏன் யாரும் கேக்கல?" என்று சண்டைக்கே போய்விட்டார்.

மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தேன்மொழி தன் கைப்பேசியை நீட்டினாள். "இங்க பாருங்க ஆன்ட்டி. மொதல்ல உங்க காது வருது. அப்புறம் மாலை. தள்ளித் தள்ளி பாசிர் கூடாங்கே வந்துருச்சு, புத்தகம் கேக்கற பட்டன் இன்னும் வரல லா!"

பஸ் குலுங்கச் சிரித்தது. பேச்சியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் தப்பு யாருடையது என்று தேடும் ஆளில்லை அவர். அன்றே மருமகனை அழைத்தார். திறந்தால் அந்தக் கைப்பேசித் திரையின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் காட்டும் ஒரு பக்கத்தைக் குணாளன் செய்து அனுப்பினார். மறுநாள் பேச்சியம்மாள் இருக்கை இருக்கையாகப் போய், எல்லாரையும் அதைத் திறக்க வைத்துக் குறித்துக்கொண்டார். முந்நூற்று அறுபது, முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று, மறுபடி முந்நூற்று அறுபது. எல்லாவற்றிலும் சிறியது டிரைவர் வேலுவுடையது; கண்ணாடி கீறிய பழைய கைப்பேசி, முந்நூற்று இருபது.

"வேலு போன்ல தெரியற மாதிரி செய்யுங்க மாப்ள. அதுல தெரிஞ்சா ஊரு முழுக்கத் தெரியும்."

"சரி அத்தை. அங்கேருந்து தொடங்கினா பெரிய ஸ்கிரீன்ல தானா விரிஞ்சுக்கற மாதிரி செஞ்சிடலாம். ஆனா..." குணாளன் இழுத்தார். "உங்க படம் மேல இருந்தா பட்டன் கீழ போயிடும்."

பேச்சியம்மாள் அந்தப் பட்டுப்புடவைப் படத்தை வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு நல்ல படம்! "எடுத்துடுங்க" என்றார். "என்னத் தெரியாதவங்க யாரு இருக்கா?"

புதிய பக்கத்தில் மேலே ஒரு தேடும் கட்டம், அதன் கீழே புத்தகப் பெயர்கள், ஒவ்வொன்றின் அடியிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டன். கேட்ட புத்தகம் மறுநாள் பஸ்ஸிலேயே வந்துவிடும். தேன்மொழி முதல் வாரமே இரண்டு எடுத்தாள். பிறகு அவள் பிரிவுத் தோழிகள், அடுத்த பஸ் ஆட்கள் என்று தொற்றிக்கொண்டது. வேலுகூட ஒரு துப்பறியும் கதை கேட்டார்.

மூன்றாம் மாதக் கடைசியில் ராஜசேகரன் பட்டியலை இரண்டு தடவை எண்ணினார்.

"அலாமாக்! அறுபத்தேழு பேரு, அக்கா."

"இன்னொரு தடவ எண்ணு. அப்புறம் பேச்சி ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது."

அவர் எண்ணவில்லை. அறை நூலகத்துக்கே என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேச்சியம்மாள் எட்டிப் பார்த்தார். "தேதியும் போடு தம்பி."