தரை தெரியும் நிறம்

கொடைக்கானலில் வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டிய ஆள் என்று செண்பகனூர் டீக்கடையில் இன்றும் என்னைச் சுட்டிக்காட்டுகிறார்கள். வெந்நீரில் குளித்துவிட்டும் நடுங்குகிற ஊரில் இது கொஞ்சம் அதிகப்படிதான். பெயின்ட் விசாரிக்கப் போனபோது, பஜாரில் கடை வைத்திருந்த பாய் ஷேடு கார்டை எடுப்பதற்கு முன்னால், மீன் விடுவதாக இருந்தால் அதற்கும் ஒரு ஸ்வெட்டர் வாங்கிவிடச் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். அவருக்கு விஷயம் தெரியாது.

விஷயம், என் மகள். மதுரையில் கல்லூரிக்காக நீந்திக்கொண்டிருந்தவள். ஒருநாள் பயிற்சியில் தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வந்துவிட்டது. அடுத்து நீந்தி வந்த பெண்ணின் கை தற்செயலாக அவள்மேல் பட்டதால் பிழைத்தாள். பிறகு அங்கே அவளைக் குளத்துப் பக்கமே விடவில்லை. படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். செல்போனுக்குச் சிக்னல் வேண்டும் என்றால் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஓடுகிற காலம் அது. அவள் அதற்குக்கூட எழுந்திருக்கவில்லை.

ஆழம் குறைவாக இருந்து, கண் எடுக்காமல் பார்க்க ஓர் ஆளும் இருந்தால் நீந்தலாம் என்று மருத்துவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தயக்கத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு ‘நீந்தலாம்’ என்பதை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். கேரட் போட்டிருந்த இடத்தில் குழி தோண்டியாயிற்று. தண்ணீர் சூடாகக் கூரைமேல் கறுப்புக் குழாய்கள் ஓடின. என் மனைவி அந்தப் பக்கமே வருவதில்லை. கண் எடுக்காமல் பார்க்கப்போகிற ஆள் நான். குளியலறை வாளியைத் தாண்டிய ஆழத்தை அறியாதவன்.

எல்லாம் முடிந்து குளத்துத் தரையின் நிறத்தில் வந்து நின்றது.

அவளுக்குக் கருநீலம் வேண்டும். ஏரியில் இறங்கிய மாதிரி இருக்குமாம். எனக்கு வெள்ளை. வெள்ளை என்றால் பாசி உடனே தெரியும், வாரம் தவறாமல் தேய்க்கவேண்டிவரும் என்று பெயின்டர் பயமுறுத்தினார். தெரிவதற்காகத்தானே அடிக்கச் சொல்கிறேன் என்றேன். காரணத்தை மகளிடம் மட்டும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரும் வெள்ளைதான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படியே நாள் போனது. பெயின்டர் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு வருகிற யோசனைகளைப் பற்றி என் மனைவிக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. தரையில் ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் வெள்ளை அடித்து, நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் விட்டோம். மகள் மாத்திரை போட்டுத் தூங்குகிற மத்தியான நேரம். அவளுடைய பழைய கறுப்பு நீச்சலுடைக்குள் மணல் மூட்டையைத் திணித்து, கயிறு கட்டிக் கருநீலத்தின்மேல் இறக்கினேன். பெயின்டர் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டார். நான் கரையில் குனிந்து பார்த்தேன். இருந்த இடமே தெரியவில்லை.

“அது நானாப்பா?”

எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. சால்வையைப் போர்த்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். மூட்டை, சும்மா ஒரு மூட்டை என்று உளறினேன்.

அவள் விளிம்புக்கு வந்து உட்கார்ந்து நெடுநேரம் தண்ணீருக்குள் தேடினாள். வலிப்பு வருகிறபோது அவள் எப்படி இருப்பாள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம். அவள் பார்த்ததில்லை. விழித்தால் எல்லோரும் சுற்றி நிற்பதுதான் அவளுக்குத் தெரிந்த வலிப்பு.

“அந்தப் பக்கம் இழுத்துப் போடுங்க” என்றாள்.

இழுத்துப் போட்டேன். வெள்ளைமேல் மூட்டை பளிச்சென்று தெரிந்தது. கேஸ் ஜெயித்த வக்கீல் மாதிரி நிமிர்ந்தேன். பாராட்டுக்காகப் பெயின்டரைக்கூடத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துவிட்டது. இந்த மலையில் பிறந்து வளர்ந்து, மத்தியானம் தவறாமல் மேகத்தைத் திட்டிக்கொண்டே ஜன்னல் சாத்துகிறவன், நிறம் தேர்ந்தெடுக்கிறபோது மட்டும் அதை மறந்துபோனேன். மேகமும் வெள்ளை, தண்ணீரும் வெள்ளை, தரையும் வெள்ளை. பால் குண்டானுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“இப்ப நான் எங்கப்பா இருக்கேன்?”

கையிலிருந்த கயிறுதான் பதில். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மேகம் விலகியது. பிறகு அவளே மூட்டையை மேலே இழுத்து, மணலைக் கொட்டிவிட்டு, நீச்சலுடையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள்.

“வெள்ளையே அடிங்கண்ணே” என்று பெயின்டரிடம் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “மேகம் எறங்குனா நான் ஏறிர்றேன். வெயில் இருக்கப்ப நீங்க கரையில நிக்கக் கூடாது. உள்ள வந்து நிக்கணும்.”

“குளுருமேம்மா.”

“குளுரட்டும்.”

நான் கேட்ட நிறம் கிடைத்தது. அவள் சண்டை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன். வெள்ளைதான் அடித்தார்கள். வெயில் விழுகிற நாட்களில் மார்பளவு தண்ணீரில், பல் தந்தியடிக்க, லுங்கி மிதக்க, நான் காவல் நின்றேன். வேலியோரம் போகிறவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும்.

அழகாக நீந்துகிறாள் என்று பெயின்டர் சொன்னார். பாய்கூட ஒருநாள் வந்து பார்த்துவிட்டு அதையே சொன்னார். இருக்கும். எனக்குத் தெரியாது. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.