பூஜை போட்ட கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது

எனக்குக் கோபம் வந்தா முதல்ல காது சூடாகும். அந்த ஆயுத பூஜை அன்னைக்கு ரெண்டு காதும் கொதிச்சுது, அதுவும் சாமி படத்துக்கு முன்னாடியே.

அம்பத்தூர் எஸ்டேட்டுல வண்டி உதிரிபாகம் செய்யற கம்பெனி அது. மக பிறந்தப்போ வேலையை விட்டவ, அவளை ஸ்கூல்ல சேர்த்த கையோட அங்க போய்ச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் பிரிவுல, தீபாவளி வரைக்கும் கான்ட்ராக்ட். அதுக்குள்ள ஒரு வேலையை முடிச்சு, அது கோளாறு இல்லாம ஓடினா நிரந்தரம். இல்லேன்னா 'போய்ட்டு வாம்மா'தான். வீட்டுக்காரர் என்னவோ பார்த்துக்கலாம்னு சுலபமா சொல்லிட்டார். இத்தனை வருஷம் இடைவெளி விழுந்தவளை இன்னொருத்தன் கூப்பிட்டு வேலை குடுப்பானான்னு எனக்குத்தான் தூக்கம் வரலை. அந்த வேலை எனக்கு வேணும், அவ்வளவுதான்.

வேலை இதுதான். கம்பெனியில இருக்கற ஒவ்வொரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கேமராவும் எங்க இருக்கு, யார் கையில இருக்குன்னு சொல்ற டேட்டாபேஸ் ஒண்ணு இருந்துச்சு. இன்னொரு பக்கம் நெட்வொர்க்குக்குக் காவல் காக்கற சாஃப்ட்வேர். ஒரே வீட்டுல தனித்தனி அடுப்பு வெச்ச மாமியார் மருமகள் மாதிரி ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அதுங்களைப் பேச வைக்கணும். டேட்டாபேஸ்ல பதிஞ்சிருக்கற கருவியைக் காவல் உள்ளே விடும், பதியாததை வாசல்லயே நிறுத்திடும்.

நான் அதோட விட்டேனா? கூடவே ஒரு விதியும் சேர்த்தேன். மூணு நாள் ஒரு கம்ப்யூட்டர் நெட்வொர்க் பக்கமே தலைகாட்டலைன்னா டேட்டாபேஸ் அதைக் 'காணாமல் போனது'ன்னு குறிச்சுக்கும். அப்புறம் யார் கொண்டுவந்து செருகினாலும் கதவு திறக்காது. லேப்டாப் திருட்டுக்கு இதுதான் மருந்துன்னு ஒர்க்ஸ் மேனேஜர்கிட்ட பெருமையா விளக்கினேன், அவரும் தலையாட்டினார். எங்களுக்கு லீவுன்னா ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான். சோதனை ஓட்டம் எல்லாம் தடங்கல் இல்லாமப் போச்சு.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. பூஜை போட்ட கருவியை மறுபூஜை வரைக்கும் தொடக் கூடாதுங்கறது எங்க கம்பெனி வழக்கம். லேத்துக்கு என்ன சட்டமோ அதேதான் கம்ப்யூட்டருக்கும். வியாழக்கிழமை காலையிலயே எல்லாத்தையும் அணைச்சு, துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சுப் பூ போட்டாச்சு. என் லேப்டாப்பையும் வாங்கி ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்துல அடுக்கிட்டாங்க. சர்வர் ரூம் மட்டும் விதிவிலக்கு, அதை அணைக்கலை, கதவுல பொட்டு வெச்சுப் பூட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை விஜயதசமி. சனிக்கிழமையும் சேர்த்து லீவு விட்டுட்டதால மறுபூஜை திங்கட்கிழமைன்னு முடிவாச்சு.

கற்பூரம் காட்டினாங்க. கன்னத்துல போட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. திங்கட்கிழமை காலையில மொத்தக் கம்பெனியும் காணாமப் போயிருக்கும். எந்த கம்ப்யூட்டரும் உள்ளே வராது, சரக்கு வெளியே போகாது. சரி பண்ணலாம்னா என் லேப்டாப்புக்கும் அதே கதிதான். கம்ப்யூட்டருக்கும் சாமி கும்பிட்டு ஓய்வு குடுப்போம்னு சாஃப்ட்வேர் செஞ்சவனுக்குத் தெரியாது, சரி. வருஷா வருஷம் பொரி திங்கற எனக்குத் தெரிய வேண்டாமா?

ஒர்க்ஸ் மேனேஜர்கிட்ட ஓடினேன். நெத்தி நிறைய விபூதி, பொறுமையா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். பூஜை போட்டதைத் தொட வேண்டாம்மா, திங்கட்கிழமை பார்த்துக்கலாம்னார். திங்கட்கிழமை பார்க்கறதுக்கு என் லேப்டாப்பே வேலை செய்யாது சார்னேன். கடவுள் பார்த்துப்பார்னு சொல்லிட்டுப் பொரி தட்டைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டார்னு சும்மாவா சொன்னாங்க? அப்பதான் காது கொதிச்சுது.

வெள்ளானூர்ல இருந்து வர்ற எங்க எலக்ட்ரீஷியன் இதையெல்லாம் பார்த்துக்கிட்டு நின்னான். என்கிட்ட வந்து, "உன் போனுக்குப் பொட்டு வெச்சியா யக்கா? இல்லல்ல? அப்புறம் இன்னா, அத்த வெச்சி முடிச்சிக்கோ"ன்னான். அட, ஆமாம்ல! உடனே போனை எடுத்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள நுழையப் பார்த்தேன். பதிவு இல்லாத கருவி, அனுமதி இல்லைன்னு வந்துச்சு. நானே போட்ட பூட்டு. ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆகிப்போச்சு. அவன் விழுந்து விழுந்து சிரிச்சான். எனக்கும் சிரிப்பு வந்துச்சு, பின்னாடியே அழுகையும் வந்துச்சு.

சாப்பிடக் கூப்பிட்டாங்க. பசியே இல்லை, ஆனாலும் சர்க்கரைப் பொங்கல் வாசனைக்குக் கால் தானா போச்சு. கேன்டீன் வரிசையில நின்னேன். கவுன்ட்டர்ல இருந்த அக்கா ஒரு பட்டனைத் தட்டினாங்க, டோக்கன் சரக்குனு வந்து விழுந்துச்சு. நான் டோக்கனை எடுக்காம அப்படியே நிக்கறேன், பின்னாடி இருந்து தள்றாங்க. கேன்டீன் கம்ப்யூட்டர்! அதை நான்தான் டேட்டாபேஸ்ல பதிஞ்சேன். பந்தி முடிஞ்சாத்தான் அதுக்குப் பூஜை, அதனால பொட்டும் இல்லை, பூவும் இல்லை.

சத்தமில்லாம உட்கார்ந்து முடிச்சிருக்கலாம். எனக்கு மனசு ஒப்பலை. மேனேஜர் இலையில உட்கார்ந்திருந்தார், நேரா போய் நின்னேன்.

"சார், பூஜை போடாத கம்ப்யூட்டரைத் தொடலாம்ல?"

அவர் என்னைப் பார்த்தார், கவுன்ட்டரைப் பார்த்தார். வடையை வாயில போட்டு மெதுவா மென்னார்.

"பந்தி முடியறதுக்குள்ள முடிச்சுடு."

அந்த அக்கா முகம் சுளிக்காம எழுந்து இடம் குடுத்து, டோக்கனைக் கையால எழுதிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. கீபோர்டு பூரா எண்ணெய்ப் பிசுக்கு. கம்பெனி லீவு நாளைக் கணக்குல சேர்க்காதேன்னு விதியைத் திருத்தினேன். திருத்தி முடிச்சு எழுந்தப்போ பொங்கல் ஆறிப்போயிருந்துச்சு, அப்படியும் ரெண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆனா திருத்தினது பிடிச்சுக்கிச்சான்னு திங்கட்கிழமைதான் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிக்கிட்டுப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில நடந்தோம். அவ பறவை பறவையா காட்டிக்கிட்டு வந்தா, நான் எதையும் ஒழுங்கா பார்க்கலை. ஏம்மா பதிலே சொல்ல மாட்டேங்கறேன்னு கோவிச்சுக்கிட்டா. மக்காச்சோளம் வாங்கிக் குடுத்து சமாதானம் பண்ணினேன்.

திங்கட்கிழமை மறுபூஜை முடிஞ்சு ஸ்விட்சைப் போட்டாங்க. ஸ்டோர்ஸ்ல ஒரு திரை வெளிச்சமாச்சு, அப்புறம் டெஸ்பாட்ச், அப்புறம் கேட். யாரும் என்னைக் கூப்பிடலை, யாரும் எதையும் கவனிக்கவே இல்லை. எங்க தொழில்ல அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. நாற்காலியில சாய்ஞ்சு உட்கார்ந்து லேப்டாப்புல காஞ்சிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கிட்டிருந்தேன்.

மேனேஜர் அந்தப் பக்கமா வந்தார். எல்லாம் ஓடுதான்னு கேட்டார். ஓடுது சார்னேன்.

"அடுத்த வருஷம் பூஜைக்கு முந்தின நாளே இதெல்லாம் பார்த்து வெச்சுடும்மா. பந்தியில வந்து நிக்காதே."

சரி சார்னு தலையாட்டினேன். அவர் கதவைத் தாண்டிப் போனதுக்கு அப்புறம்தான் அவர் என்ன சொன்னார்னு எனக்குப் புரிஞ்சுது. எழுந்து மாடிப்படிக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். எடுத்தார். நான் மூக்கை உறிஞ்சற சத்தம்தான் அவருக்கு முதல்ல கேட்டிருக்கும்.

"என்னாச்சு, ஓடலையா?"ன்னு பதறினார்.

"ஓடுதுங்க"ன்னேன். "அடுத்த வருஷமும் நான்தான் ஓட்டணுமாம்."