மச்சாளின் குட்டிக் கொம்பியூட்டர்

என் மச்சாளுடைய அப்பா கனடாவில் இருந்தார். என்னுடைய அப்பா பக்கத்து அறையில் இருந்தார். ஒன்பதாம் ஆண்டு படிக்கும்போது எனக்கு இதைவிடப் பெரிய அநியாயம் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

உடுவிலில் எங்கள் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அதிலும் ஆள் புகுந்து போய்வர ஓட்டையாக ஒரு பொட்டு இருந்தது. மாமி அப்பாவின் தங்கை. மச்சாள் அவருடைய ஒரே மகள், எனக்கு ஒத்த வயது. கனடாவிலிருந்து பொதி வந்தால் மச்சாளுக்குப் புதுச் சப்பாத்து வரும். அவளுடைய பழைய சப்பாத்து பொட்டுக்குள்ளால் எங்கள் வீட்டுக்கு வரும். எனக்கு அவளைவிடக் கால் கொஞ்சம் பெரிது. அதையும் நான் அவளுடைய குற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

கொம்பியூட்டர் விஷயத்தில் மட்டும் நான் அவளுக்கு மேலே இருந்தேன். அம்மாவின் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, எந்தப் பிராசசருக்கு எந்த மதர்போட் பொருந்தும், விலை குறைந்த கிராபிக்ஸ் காட்டுகளில் எது உழைக்கும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பல் தீட்டி முடிவதற்குள் மனதுக்குள் ஒரு கொம்பியூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்துவிடுவேன். அப்பாவிடம் கேட்டால் வெங்காயம் விற்று முடியட்டும் என்பார். வெங்காயம் விற்று முடிந்தால் அடுத்த வெங்காயத்துக்கு விதை வாங்க வேண்டியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சாள் கேம் விளையாடுவதற்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கச் சொல்லி மாமா காசு அனுப்பினார். பெரிய காசில்லை, பார்த்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மச்சாளுக்கோ ரம் எது, காட் எது என்றே தெரியாது. ஆகவே சாமான் தெரிவுசெய்யும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. தங்கைக்குக் கூறைச்சேலை எடுக்கப் போகும் கலியாணமாகாத அக்காவைப்போல நான் முகத்தைச் சிரித்தபடி வைத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. கேசிங் என்கிற வெளிப்பெட்டியைப் பெரிதாக எடுத்தால் இரண்டு வருடத்தில் அவள் புதுக் காட் போடுவாள், ரம்மைக் கூட்டுவாள். கழற்றிய பழசுகள் சப்பாத்து வந்த வழியாலேயே எனக்கு வந்து சேரும். அப்படியே சேர்த்துச் சேர்த்து நானும் ஒன்றைப் பூட்டிவிடலாம்.

மச்சாள் அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டாள். கொம்பியூட்டர் எவ்வளவு குட்டியோ அவ்வளவு நல்லது என்றாள். குட்டி மதர்போட் பெரியதைவிட விலை கூட என்று சொல்லிப் பார்த்தேன். பவர் சப்ளையும் அப்படித்தான் என்றேன். அதே காசுக்குப் பெரிய கேசிங்கில் இதைவிடத் திறமான காட் போடலாம் என்று படம் கீறியும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"மேசையிலை இடமில்லை," என்றாள்.

"உன்ரை மேசையிலை மாடு படுக்கலாமடி."

"பெரிசைத் தூக்கேலாது."

"உன்னை ஆர் தூக்கச் சொன்னது?"

அவள் நான் கீறிய படத்தை மடித்துவைத்தாள். காசு கூடினவர்களுக்கு வரும் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மாமியோடு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். கடையில் மச்சாள் பையைத் திறந்து மாமியின் தையல் நாடாவை எடுத்தாள். கேசிங்கின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அளந்தாள். நாங்கள் என்ன, அதற்குச் சட்டையா தைக்கப் போகிறோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரண்டைத் தள்ளிவைத்து, சப்பாத்துப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்றைத் தொட்டாள்.

"உந்தக் கேசிங்குக்கு நீளக் காட் போகாது, தங்கச்சி," என்றார் கடைக்கார அண்ணை.

எனக்கு ஆள் சேர்ந்த சந்தோசத்தில் மாமியைப் பார்த்தேன். மாமி என் முகத்தைப் பார்க்காமல், அவள் கேட்கிறதையே எடுப்போம் பிள்ளை என்றார். ஒற்றை விசிறி வைத்த குட்டைக் காட் ஒன்றை, பெரியவர் வீட்டில் பழஞ்சோறு வாங்குகிறவளைப்போல வாங்கினேன்.

மிச்சக் காசில் மலிவான மொனிட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு ரம்மைக் கூட்டலாம் என்றேன். அதற்கும் மச்சாள் விடவில்லை. மொனிட்டரை நல்லதாக எடுக்க வேண்டுமாம். கேசிங் சப்பாத்துப் பெட்டி அளவு. மொனிட்டர் மட்டும் யன்னல் அளவு. இப்படி ஒரு புத்தியை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை.

"உனக்கு எது பிடிச்சிருக்கு? நீ சொல்லு," என்றாள்.

எனக்குக் கிடைக்காத ஒன்றில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்கிறாள். ஆத்திரத்தில், எப்போதாவது எனக்கென்று வாங்கினால் எதை வாங்குவேனோ அதையே காட்டினேன். ஓரம் மெல்லிய, பெரிய மொனிட்டர். அதில் நீலக் கடலும் மீன்களும் ஓடிக்கொண்டிருந்தன. விலைக்குப் பயந்து வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேள்வியே கேட்காமல் மாமியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கொம்பியூட்டரைப் பூட்டியது நான்தான். இடுக்கில் விரல் கீறி இரத்தம் வந்தது. மச்சாள் போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி, காட்டைத் திரும்பக் கழட்டிப் பூட்டலாமோ என்று மட்டும் கேட்டாள். பின்னேரங்களில் இருவரும் மாறி மாறி விளையாடினோம். அவள் என்னை ஒருநாளும் எழும்பு என்று சொன்னதில்லை. அம்மாதான் வேலிக்கு மேலால் கூப்பிடுவா. வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தாலும் அங்கே கேமில் கார் ஓடும் சத்தம் கேட்கும். அப்போதெல்லாம் மின்சாரம் நின்றுபோகட்டும் என்று பிள்ளையாரைக் கேட்டிருக்கிறேன்.

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கிய கிழமை, மாமி வந்து வெள்ளிக்கிழமை கனடா போகிறோம் என்றார். விசா வந்து ரிக்கெட்டும் போட்டாயிற்று. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணம் என்றால் எல்லாம் சரிவரும்வரை வாய் திறக்க மாட்டார்கள். கண்பட்டுவிடும், அல்லது கடைசியில் சரிவராமல் போய் நாலுபேர் சிரிக்க நேரும். மச்சாளுக்கு மாதக்கணக்காகத் தெரியுமாம். மாமி சத்தியம் வாங்கி வைத்திருந்தாராம். கூடப்பிறந்த அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லையே என்று அப்பாவுக்கு முகம் வாடியது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. கொம்பியூட்டர் இனி எனக்குத்தான் என்று பொட்டுக்குள்ளால் ஓடினேன்.

மச்சாளின் கட்டிலில், விமானத்துக்குள் கையில் கொண்டுபோகும் பை திறந்து கிடந்தது. உள்ளே, அவளுடைய இரண்டு கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில், கேசிங் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. தையல் நாடா எதற்கு வந்தது என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. அது அவள் போகிறாள் என்பதற்காக இல்லை.

மொனிட்டர் அதன் பெட்டிக்குள் சுவரோடு சாய்ந்திருந்தது. அதை என் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்கு. வாங்கேக்கையே அப்பாவிட்டைக் கேட்டு வைச்சனான்."

வெறும் மொனிட்டரை வைத்து நான் என்ன செய்வது? உயிரை எடுத்துக்கொண்டு உடம்பைத் தருகிறாள் என்று நினைத்தேன். நன்றிகூடச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்து அலுமாரிக்குப் பின்னால் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்குப் போக வான் வண்டி வந்தது. மச்சாள் ஏறி யன்னலோரம் இருந்து என்னைத் தேடினாள். நான் அவளுடைய மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சனிக்கிழமை கடையில் இரண்டு பேருக்குச் சாமான் வாங்கியிருந்தோம் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.