கோளாறு கையில் இல்லை

மாரிசெல்விக்கு நாற்பத்தாறு வயது. மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையம் பக்கத்து நூற்பு மில்லுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனை அவள்தான் ஓட்டுகிறாள். அதற்கு முன் ஒன்பது வருடம் அதே மில்லில் வேலை பார்த்தாள். பஞ்சுத்தூசியில் மூச்சு முட்டத் தொடங்கியதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரைவிங் பழகி லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேன் முதலாளி ஐயாதுரை முன்னால் போய் நின்றாள்.

"பொம்பள ஓட்டுனா பொம்பளைக ஏறாமயா போயிருவாக?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அது பதினோரு வருடத்துக்கு முன்னால்.

இந்தத் தை மாதத்திலிருந்து வலது தோள் அவளைப் படுத்தியது. மில் வாசலில் வேனைத் திருப்ப, உடம்பையே சாய்த்து ஸ்டியரிங்கை இழுக்க வேண்டியிருந்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தாள். அவள் அம்மாவுக்கும் இதே வயதில்தான் கை தூக்க முடியாமல் போனது. வீட்டுக்குத் தெரியாமல் தைலம் தேய்த்துக்கொண்டாள். ஒருநாள் எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கும்போது வண்டி சொன்ன பேச்சுக்குத் திரும்பவில்லை. மயிரிழையில் தப்பியது. பின்னால் பதினேழு பேர் இருந்தார்கள். அன்று சாயங்காலமே ஐயாதுரைக்குப் போன் போட்டு, அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாள். காரணம் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து, காலை ஷிப்டுக்கு இறங்கிய பாலம்மாள் வேனுக்கடியில் குனிந்து பார்த்தாள்.

"யக்கா, ரத்தங் கணக்கா ஒழுகிக் கெடக்கு, வந்து பாருங்க."

சிவப்பாக, வழவழப்பாக இருந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு மெக்கானிக் ஜெபக்குமாரின் பட்டறைக்கு வண்டியை விட்டாள். அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"பவர் ஸ்டியரிங்குக்கு ஆயில் போற ஹோஸ் குழா கிழிஞ்சிருக்குக்கா. மாசக்கணக்கா கசிஞ்சிருக்கு. ஆயில் டப்பால ஒரு சொட்டு இல்ல. அது இல்லேன்னா ஸ்டியரிங் கல்லாக் கனக்கும். இத எப்படிக்கா ஓட்டுனீக?"

மாரிசெல்வி குனிந்து காலி டப்பாவைப் பார்த்தாள். நம்பவும் பயமாக இருந்தது.

மதியத்துக்குள் புது ஹோஸ் மாட்டி, ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டான். அவள் ஏறித் திருப்பினாள். ஆயில் பம்பு ஊளையிட்டது. ஸ்டியரிங் விக்கி விக்கி நின்றது. அதே கனம்.

"தம்பி, ஒளிக்காமச் சொல்லு. கோளாறு வண்டியிலயா, என் கையிலயா?"

ஜெபக்குமார் டப்பா மூடியைத் திறந்து காட்டினான். ஆயில் நுரைத்துக் கிடந்தது. "ஒங்க கை என்ன பண்ணும்? அவசரப்பட்டது நாந்தான். உள்ள காத்து நிக்கி. அத வெளியேத்தாம ஸ்டார்ட் பண்ணிட்டேன். செத்த நேரம் நுரை அடங்கட்டும்."

அரைமணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஜாக்கி போட்டு முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கினான்.

"இன்ஜின் வேண்டாம். மெதுவா இந்தக் கடைசி வரைக்கும் திருப்புங்க, பொறவு அந்தக் கடைசி. முட்டுன எடத்துல போட்டு அமுக்காதீக."

அவள் திருப்பத் திருப்ப, டப்பாவில் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. ஆயில் மட்டம் இறங்கியது. அவன் ஊற்றினான். மறுபடி திருப்பினாள். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியாது. குமிழி நின்றதும் இன்ஜினைப் போட்டு இன்னொரு சுற்று. இந்தத் தடவை ஊளைச் சத்தம் இல்லை. மட்டமும் இறங்கவில்லை. ஜாக்கியை எடுத்தான்.

"இப்பப் பாருங்க."

இரண்டு விரலுக்குத் திரும்பியது. மாரிசெல்வி இடது பக்கம் திருப்பினாள், வலது பக்கம் திருப்பினாள், காரணமே இல்லாமல் மறுபடியும் இடது பக்கம் திருப்பினாள். கண் கலங்கியதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"போதும்க்கா, டயரு தேஞ்சிரும்."

"அப்ப தை மாசத்துலருந்து எனக்கிருக்க தோள் வலி வண்டியாலதானாப்பா?"

"ஆயில் இல்லாத வேன அஞ்சு மாசம் இழுத்தா யானைக்கே வலிக்கும்."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்தாள். தேர் வீதி முக்கில் நெரிசலுக்கு நடுவே வண்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஓரமாக நிறுத்தி ஐயாதுரையைக் கூப்பிட்டாள்.

"தளவாய்புரத்து டிரைவரு ஒருத்தன் திங்கக்கெழம வந்து பேசுதேன்னுருக்கான்" என்றார் அவர்.

"வரவேண்டாம்னு சொல்லிருங்கண்ணே. நானே ஓட்டுதேன்."

"ஏம்மா, திடீர்னு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லண்ணே. அம்புட்டுத்தான்."

ஷிப்டு விட இன்னும் நேரம் இருந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிர்க் கடையில் போய் உட்கார்ந்து மூன்று புரோட்டா சொன்னாள்.