பல்லி அவசரப்பட்ட வருஷம்

எனக்கு ராட்டினம் சுத்துகிற தொழில். மரக்குதிரைகள், நடுவில் இரும்புக் கம்பம். மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும். வீடு சந்தவாசலில். மாசி பிறந்தால் ஆடி கழியும்வரை எங்கே திருவிழாவோ அங்கே இருப்பேன்.

கண்ணமங்கலம் பக்கம் கூட்டம் அதிகம். ஆனாலும் எனக்குப் பிடித்தது ஜவ்வாது மலை ஊர்கள்தான். அங்கே பெரியவர்களும் குதிரையில் ஏறுவார்கள். வெட்கப்பட மாட்டார்கள்.

போன வைகாசியில் ஒரு மலை ஊருக்கு முன்கூட்டியே போனேன். அதற்கு முந்தின வருஷம் பலூன்காரர் புளியமரத்து நிழலைப் பிடித்துக்கொண்டார். நான் வெயிலில் காய்ந்தேன். இந்தத் தடவை ராட்டினத்தை நிறுத்தி இடம் பிடித்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் கீழே இறங்குவதாக எண்ணம். வெள்ளிக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது முடிந்து திரும்பி வந்தால் போதும் என்று இருந்தேன்.

அந்த ஊரில் திருவிழாவுக்குத் தேதி குறிப்பதில்லை. சாயங்காலம் பெரியவர்கள் அம்மன் கோயில் முன்னால் உட்காருவார்கள். பல்லி சத்தம் கொடுக்க வேண்டும். அதுதான் உத்தரவு. கொடுத்ததும் காப்புக் கட்டுவார்கள். கட்டும்போது ஊருக்குள் யார் இருந்தாலும், காப்பு அவிழ்க்கும்வரை எல்லை தாண்டக் கூடாது. அதன்பிறகு வருகிறவர்கள் வரலாம், போகலாம்.

மற்ற வருஷங்களில் பல்லி நாள்கணக்கில் காக்க வைக்கும். அன்றைக்கு அவர்கள் உட்கார்ந்த உடனே கத்திவிட்டது. காப்பும் கட்டிவிட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா ராட்டினக்காரே, எங்க ஊர்க்காரன் ஆய்ட்ட. சோறு உண்டு, தூக்கம் உண்டு. வூட்டுக்குப் போறது மட்டும் இல்ல."

"வெள்ளிக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க கவுண்டரே."

"அத பல்லிகிட்ட முன்னாடியே சொல்லிக்கலாம்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப் போயிருந்தன. அப்பன் ஊர் ஊராகச் சுத்துகிறவன், வீடு தங்காதவன் என்று சொல்லித்தான் போனார்கள். இப்போது பெண் பார்க்கிற அன்றைக்கே நான் இல்லை என்றால்?

யாரும் என்னைக் கட்டி வைக்கவில்லை. காட்டு வழியாக இறங்கியிருக்கலாம். பிறகு அந்த ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மனசு கேட்காது. போகவில்லை.

பாறைமேல் ஏறினால் போனில் சிக்னல் கிடைக்கும். வீட்டுக்காரிக்குச் சொன்னேன்.

"யோவ், அப்பன் எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? பல்லி புடிச்சி வெச்சிகிச்சின்னா?"

"அப்டியே சொல்லு."

"இந்த எடமும் தட்டிப் போவட்டும், அப்பறம் இருக்குது. மரக்குதிரைய கட்டிகினு அங்கியே குந்திகினு இரு."

போனை வைத்துவிட்டாள். மறுநாள் நான் பாறைமேல் ஏறியதும் அவளே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம்.

"அந்தம்மா இன்னா சொல்லிச்சி தெரியுமா? காப்பு கட்னப்பறம் வரக் கூடாதும்மா, அவரு அங்கியே இருக்கட்டும், அப்பன் இருக்கற எடந்தான் பொண்ணு வூடு, நாங்க மேல வர்றோம்னு சொல்லிச்சி."

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வீட்டுக்காரியும் மகளும் வந்தார்கள். பின்னாலேயே ஒரு வேனில் மாப்பிள்ளை, அவன் அம்மா, தாய்மாமன். ஊர்ப் பெண்கள் புளியமரத்தடியில் பாய் போட்டார்கள். சாமைப் பொங்கல் வந்தது. பலாச்சுளை வந்தது. பம்பை அடிப்பவர்கள் எங்கள் பக்கம் திரும்பி நின்று அடித்தார்கள்.

தாய்மாமனுக்கு முகம் சரியில்லை. "இன்னாப்பா இது, பொண்ணு பாக்கறதா, திருவிழா பாக்கறதா?"

"ரெண்டும் ஒரே நடையில," என்றார் கவுண்டர். "காப்புக்குள்ள இருக்கறவன் எங்க ஊரு ஆளு. அப்போ பொண்ணும் எங்க ஊரு பொண்ணு. நாங்கதான் பொண்ணு வூடு."

அதற்குப் பிறகு என் மகளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் மாப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டார்கள்.

"இன்னா வேலப்பா?"

"மோட்டாரு காயில் கட்றேங்க. ஓடாத மோட்டார ஓட வெப்பேன்."

"பொண்டாட்டி கோச்சிகினா?"

"அதுக்குக் காயில் இல்லீங்க."

"குடிப்பியா?"

"டீங்க."

ஒரு கிழவி அவன் கையைப் புரட்டிப் பார்த்து, "காப்பு காச்சிருக்குது, வேல செய்யற கைதான்" என்றாள். அவன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. "சுத்து, சுத்து" என்று கத்தின. எழுந்தேன். மாப்பிள்ளை, "நீங்க குந்துங்க" என்று தானே போய்த் தள்ளினான். பழக்கமில்லை. வேகம் பிடித்துவிட்டது.

"மெல்ல! பாப்பா பயப்புடுது!" என்று கத்தினாள் என் மகள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவன் ஒரு குதிரையின் காலைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். ராட்டினம் அவனை இழுத்தது. வெள்ளை வேட்டியோடு புழுதியில் உட்கார்ந்துவிட்டான். ஊரே சிரித்தது. அவனும் சிரித்தான். எழுந்ததும் முதல் வேலையாக அழுத பாப்பாவை இறக்கி விட்டான். அப்புறம்தான் வேட்டியைத் தட்டினான்.

"இன்னாடி?" என்று மகளைக் கேட்டாள் என் வீட்டுக்காரி.

"அத்தன பேரு சிரிச்சும் கோவமே வரல பாரு," என்றாள் மகள். "சரின்னு சொல்லிடும்மா."

தாய்மாமனே தட்டு கேட்டார், வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள. கவுண்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"காப்பு அவுறட்டும். அதுவரைக்கும் வாய்ப்பேச்சிதான்."

"அப்போ திரும்ப மலை ஏறணுமா?"

"ஏறு. கறிச்சோறு உண்டு அன்னிக்கி."

தாய்மாமன் யோசிக்கவே இல்லை. "வர்றோம்," என்றார்.

வேன் கிளம்புகிற நேரம் மாப்பிள்ளை என்னிடம் வந்தான். வேட்டியின் பின்பக்கம் இன்னும் புழுதி இருந்தது.

"மாமா, காப்பு அவுக்கறன்னிக்கி காலையிலியே வர்றேன். ராட்டினத்த பிரிச்சி ஏத்த ஆள் வேணுமில்ல."

பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள்.

"வா," என்றேன்.